நிகழ்ச்சி நிரலும் சொல்லின் திசையும்: சங்கம் வானொலியை முன்வைத்து

1. முன்னுரை

வானொலி நிலையம் ஒன்றின் ஒரு நாள் ஒலிபரப்பு பல பகுதிகளால் ஆனது. பாட்டு, வேளாண் குறிப்பு, உடல்நலம், சிறுவர் பகுதி, கலந்துரையாடல், அறிவிப்பு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இப்பன்மையை நிகழ்ச்சி நிரல் எளிதில் காட்டிவிடும். ஆனால் எந்த நேரத்தில் எவருடைய மொழி ஒலிக்கிறது என்பதை அது காட்டாது. சமுதாய வானொலியை மதிப்பிட நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைவிட இம்மொழிப் பகிர்வே தக்க அளவுகோல் என்பது இக்கட்டுரையின் கருத்து. தெலங்கானாவின் சங்கம் வானொலி இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

2. விதியும் வழக்கும்

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னர்க் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி உரிமம் வழங்க 2002இல் முடிவு செய்யப்பட்டது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தோன்றியது. 2006ஆம் ஆண்டின் கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் இவ்வுரிமையை நீட்டித்தது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூரில் ஆக்கப்பட வேண்டும் என்றும், அவை இயன்றவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் அமைதல் வேண்டும் என்றும் அக்கொள்கை கூறிற்று.

அரசு ஆவணம் ஒன்று வட்டார வழக்கை வெளிப்படையாகக் குறிப்பிடுவது மொழியியலார் கருதத்தக்கது. எனினும் அவ்வழக்கு எந்நிகழ்ச்சிக்கு உரியது என்பதை விதி வரையறுக்கவில்லை. இரட்டை வழக்குடைய மொழிகளில் இவ்விடைவெளி சிறியதன்று. பாட்டும் நகைச்சுவையும் பேச்சு வழக்கில் அமைய, அறிவுரையும் அறிவிப்பும் எழுத்து வழக்கிலேயே நிற்குமாயின் விதி நிறைவேறியதாகவே கணக்கிடப்படும். சமுதாயத்தின் மொழியோ பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதாகச் சுருங்கிவிடும்.

3. சங்கம் வானொலி

சங்கம் வானொலி ஜஹீராபாத் வட்டாரத்தில் மாச்சனூர் என்னும் சிற்றூரில் உள்ளது. முன்பு மேதக் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2016 முதல் சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் அமைப்பைச் சார்ந்த தலித் உழவர் மகளிர் இந்நிலையத்தை நடத்தி வருகின்றனர். யுனெஸ்கோவின் உதவியோடு 1998இல் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. உரிமம் இல்லாத பத்தாண்டுகளில் அவர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்கள் சங்கக் கூட்டங்களில் ஒலித்தன. 2008 அக்டோபர் 15 அன்று ஒலிபரப்பு தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் நாள்தோறும் மாலை 7 மணி முதல் 9 மணி வரை, வயல்வேலை முடிந்து வீடு திரும்பியோர் கேட்கும் நேரத்தில், நிகழ்ச்சிகள் ஒலித்தன.

எனவே இந்நிலையத்தின் 'ஒரு நாள்' என்பது இரண்டு மணி நேரமே. அதற்குள் வேளாண்மை, உணவு, உடல்நலம், பாட்டு, உரையாடல் ஆகியவை இடம்பெற வேண்டும். தலைப்புகளை மட்டும் நோக்கின் அகில இந்திய வானொலியின் ஊரக நிகழ்ச்சிகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தோன்றாது. வேறுபாடு சொல்லில் இருக்கிறது.

4. சொல்லின் திசை

1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைத் திருச்சி வானொலி தன் வேளாண் ஒலிபரப்பின் வழியே தஞ்சை வட்டாரத்தில் பரப்பியது. உழவர்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைக்கலாயினர். வானொலியின் ஆற்றலுக்கு இது சிறந்த சான்றாகக் காட்டப்படும். மொழி நோக்கில் இது மற்றொன்றையும் உணர்த்துகிறது. விதையும் அதனைப் பயிரிடும் முறையும் நிலையத்திலிருந்து வந்தன. உழவர் பெயர் மட்டும் இட்டனர். அறிவின் திசை நிலையத்திலிருந்து வயலை நோக்கியது.

ஜஹீராபாத் உழவர் வழக்கில் 'சத்தியம் பண்டலு' என்றொரு தொடர் உண்டு. 'பண்ட' என்பது விளைச்சல், பயிர் எனப் பொருள்படும் தெலுங்குச் சொல். பாசனமும் உரமும் இன்றி, மண்ணில் தங்கிய ஈரத்தாலும் பனியாலும் பின்பருவத்தில் விளையும் கொண்டைக்கடலை, ஆளி போன்றவற்றை இத்தொடர் குறிக்கும். பிறர் ஊட்டாமல் தம் சத்தியத்தாலேயே விளைபவை என்பது உட்கருத்து. இத்தகைய சொல் ஒலிபரப்பில் ஏறும்பொழுது அறிவின் திசை மாறுகிறது. வயலின் வகைப்பாடு நிலையத்தின் வகைப்பாடாகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இத்தொடர் ஒரு சோதனை. 'மானாவாரிப் பயிர்' என்றால் மழையை நம்பிய பயிர் எனப் பொருள் திரியும். 'வாய்மைப் பயிர்' என்பது சொல்லுக்குச் சொல் சரியாயினும் பொருளற்று நிற்கும். மூலத்தொடரை அப்படியே ஏற்று விளக்கம் சேர்ப்பதே பொருந்தும். நேர்ச்சொல் இல்லாமைக்குக் காரணம் பெயர்ப்புமொழியின் வறுமையன்று. இவ்வகைப்பாடு ஒரு நிலத்தின் பட்டறிவில் பிறந்தமையே ஆகும்.

5. அறிவுரை நேரம்

வட்டார வழக்கின் உண்மையான தகுதி அறிவுரை நேரத்தில் புலப்படும். கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளின் கற்றோர் வழக்கை ஒட்டியே தெலுங்கின் பொதுநடை உருவாயிற்று. தெலங்கானா வழக்கோ உருதுச் சொற்கள் மிகுந்தது. பொதுநடையில் மருத்துவமனையை 'வைத்தியசாலா' என்பர்; தெலங்கானா வழக்கில் அது 'தவாகானா'. இச்சொல் நெடுங்காலம் கொச்சை எனக் கருதப்பட்டது. 2014இல் தெலங்கானா தனி மாநிலமான பின், 2018இல் ஐதராபாத்தில் அரசு திறந்த சிறு மருத்துவ நிலையங்களுக்கு 'பஸ்தி தவாகானா' என்றே பெயரிடப்பட்டது. கொச்சை என்பது சொல்லின் இயல்பன்று, அதனைப் பயன்படுத்துவோரின் சமூக நிலையைக் குறித்த தீர்ப்பே என்பது இதனால் விளங்கும். உழவர் மகளிர் தம் நடையிலேயே விதையையும் நோயையும் பற்றிப் பேசும்போது அத்தீர்ப்பு கேள்விக்குள்ளாகிறது.

தமிழ்ச் சூழலில் இச்சிக்கல் உயிர்ப்பிரச்சினையாகவும் அமையக்கூடும். பாம்பனில் 2016இல் தொடங்கப்பட்ட கடல் ஓசை, மீனவச் சமுதாயத்துக்கான நிலையம். புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் கரையில் வாழ்வோர்க்குப் பழகிய குறி. ஆனால் 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று வீசக்கூடும்' என்னும் நடை தனியே நின்றால் போதாது. கேட்போர் அதனை வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுப் பெயர்களோடும் தம் படகின் தாங்குதிறனோடும் பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது. அறிவிப்பாளர் இங்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஆகிறார்.

இதில் எச்சரிக்கையும் தேவை. காற்றுப் பெயர் குறிக்கும் திசை கரைக்குக் கரை சிறிது வேறுபடும். எண்ணை நீக்கிப் பெயரை மட்டும் சொன்னால் அடுத்த ஊராருக்குப் பிழையான பொருள் சென்று சேரலாம். எண்ணும் பெயரும் அடுத்தடுத்து ஒலிப்பதே முறை.

6. குறைகளும் பணிகளும்

வட்டார வழக்கைப் போற்றும் ஆர்வத்தில் அதனை ஒருமைத்தன்மை உடையதாகக் கருதுதல் பிழை. சாதி, பால், வயது ஆகியவற்றால் அது தன்னுள்ளேயே வேறுபடும். ஜஹீராபாத் கன்னட நாட்டெல்லையை ஒட்டியது. தெலுங்கு, தக்கினி உருது, கன்னடம் மூன்றும் அங்கு உறவாடும். எனவே ஒரு சாராரின் நடையை ஒலிபரப்பு உயர்த்தும்போது மற்றொரு சாராரின் நடை புதிதாகத் தாழ்வுறக் கூடும். மகளிர் நடத்தும் நிலையம் ஆடவர் வழக்கின் மேலாண்மையைத் தவிர்க்கிறது. அவ்வூர் வழக்கு முழுவதற்கும் அதுவே சான்றாகிவிடாது.

விருந்தினராக வரும் வல்லுநரின் நடையும் கருதத்தக்கது. மருத்துவரோ வேளாண் அலுவலரோ பொதுநடையில் பேசத் தொடங்கினால் வினவுபவரும் அந்நடைக்கே மாறிவிடுதல் இயல்பு. வல்லுநரின் கூற்றை நிகழ்ச்சி நடத்துபவர் ஊர் நடையில் மீண்டும் சொல்லி, 'சரிதானா' என அவரிடமே உறுதி செய்துகொள்வது எளிய தீர்வு. இது மொழிக்குள் நிகழும் மொழிபெயர்ப்பு. பயிற்சி தரத்தக்க திறன்.

பதிவுகளைப் பேணுதல் மூன்றாவது பணி. காற்றில் ஒலித்து மறையும் சொல் அகராதிக்கு வராது. ஒலிப்பதிவு, எழுத்துப்பெயர்ப்பு, சொல்லடைவு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் பயிர், உணவு, நோய் பற்றிய வட்டாரச் சொற்றொகுதி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் கிட்டும். அத்தொகுப்பு பேசியவர்களின் இசைவோடும், அவர்களுக்கே முதலில் பயன்படும் வகையிலும் அமைதல் வேண்டும்.

7. முடிவுரை

சமுதாய வானொலியின் ஒரு நாளை மதிப்பிடுவோர் எத்தனை வகை நிகழ்ச்சிகள் என்று எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. அறிவு சொல்லப்படும் நேரத்தில் சொல் எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை நோக்க வேண்டும். பாட்டில் மட்டும் இடம்பெற்ற வழக்கு அலங்காரமாகவே நிற்கும். விதை, நோய், காற்று பற்றிப் பேசும் தகுதி பெற்ற வழக்கே வாழும் மொழியாகும். மாச்சனூரின் இரண்டு மணி நேரம் ஏனைய நிலையங்களுக்குக் காட்டும் வழி இதுவே.