மேசை வாடகைக்கு விட்டவரின் கடிதங்கள்

எழுத்தாளர்களின் கடிதத் தொகுப்பு என்றால் தேடிப் பிடித்து வாசிப்போம். வேலைக் கடிதங்களை யார் வாசிப்பது? சித்தியவான் பக்கம் ஓர் இறால் பண்ணையில் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் நான். விடியும் முன்தான் குளத்தில் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். அந்த நேரம் பார்த்து காற்றுச் சக்கரம் நின்றால் முடிஞ்சது கதை. அதனால் என் எழுத்தில் முக்கால்வாசி, 'உதிரிப் பாகத்துக்குப் பணம் ஒதுக்குங்கள்' என்று மேலிடத்துக்கு எழுதும் மின்னஞ்சல்தான். டார்வினும் அன்டோன் டோர்னும் எழுதிக்கொண்ட கடிதங்களை, கிறிஸ்தியானே குரோபென் 1982-இல் தொகுத்த நூலில் வாசித்தபோது, முதலில் சிரிப்பு வந்தது. இந்த ஆளும் நம்ம கேஸ்தான்.

டோர்ன் ஜெர்மானிய விலங்கியலாளர். நேப்பிள்ஸ் நகராட்சி கடலோரப் பூங்காவில் இடம் தந்தது. அங்கே ஆய்வு நிலையம் கட்டி, 1874 ஜனவரியில் அதன் கீழ்த்தளத்தில் மீன்காட்சியகத்தைத் திறந்தார். சுற்றுலாப் பயணிகளின் டிக்கெட் காசில் மேல்தளத்து ஆய்வு நடக்கும் என்பது கணக்கு. அது போதவில்லை. ஆகவே ஆய்வு மேசைகளையே பல்கலைக்கழகங்களுக்கும் அரசாங்கங்களுக்கும் வருடக் குத்தகைக்கு விட்டார். ஒரு மேசை எடுத்தால் இடம், கருவி, உயிருள்ள மாதிரிகள், நூலகம் எல்லாம் சேர்த்து. கேம்பிரிட்ஜும் எடுத்தது, பால்ஃபர் அங்கே உட்கார்ந்து சுறாக் கருக்களை ஆராய்ந்தார்.

இந்தப் பின்னணியோடு வாசித்தால்தான் கடிதங்களின் சூடு தெரியும். டார்வினின் பெயர் டோர்னுக்கு வெறும் மரியாதைக்குரிய பெயர் இல்லை. ஐரோப்பாவின் கதவுகளைத் திறக்கும் சாவி. அப்படிப்பட்டவரை யாராவது பகைத்துக்கொள்வார்களா? ஆனால் 1875-இல் டோர்ன் வெளியிட்ட நூல், முதுகெலும்புள்ள உயிர்கள் கணுக்கணுவான புழு போன்ற முன்னோர்களிலிருந்து வந்தன என்றது. டார்வினோ 1871-இலேயே கடற்குடுவைகள் எனும் உயிரினங்களின் பக்கம் சாய்ந்து எழுதிவிட்டார். கை நீட்டி உதவி கேட்ட இடத்திலேயே, 'நீங்கள் சொன்ன பாதை சரியில்லை' என்று எழுதுவது சாதாரண தைரியமா? எனக்கு வராது. உதவியும் நிற்கவில்லை. தூரின் அகாதமி தந்த பரிசுப் பணம் வந்ததும், ஏதாவது கருவி வாங்கிக்கொள்ளச் சொல்லி 1880-இல் நூறு பவுன் தர முன்வந்தார் டார்வின். இந்தத் தொகுப்பை இலக்கியமாக்குவது எனக்கு இந்த இடம்தான். பணிவும் கருத்து வேறுபாடும் ஒரே உறைக்குள் போய் வருகின்றன. ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை.

குறையும் உண்டு. இரண்டு பேரின் கடிதங்களை மட்டும் எடுத்தால் எல்லாமே கனவான்களின் நட்பாகத் தெரிகிறது. எனக்கு வேண்டியது பம்புக் கடிதங்கள். தொட்டிகளுக்கு ஆலோசனை சொன்ன வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட், புத்தகம் கட்டும் வேலையிலிருந்து மீன்தொட்டிக்கு வந்தவர். காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு தண்ணீரை நிலத்தடியில் இருட்டில் வைத்துச் சுழற்றினால் பாசி பிடிக்காது என்பது அவர் முறை. அப்புறம் சால்வத்தோரே லோ பியாங்கோ. 1874-இல் பதினான்கு வயதில் வேலைக்குச் சேர்ந்த நேப்பிள்ஸ் பையன். ஜெல்லிமீன் மாதிரி கை பட்டால் குழையும் உயிர்களையும் வடிவம் கெடாமல் பாடம் செய்யக் கற்றவன். அவன் கைப்பக்குவம் போத்தல் போத்தலாக உலக அருங்காட்சியகங்களுக்குப் போனது. முறை மட்டும் 1890 வரை நிலையத்தின் ரகசியம். மீனவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசக்கூடியவனும் அவன்தான். டார்வினுக்குப் போன கடிதங்களை வைத்து இப்படி ஒருவனைக் கற்பனை செய்யக்கூட முடியாது.

டோர்ன் இறந்தது 1909-இல். அதே வருடம் மதராஸ் மெரினாவில் மீன்காட்சியகம் திறந்தது. அருங்காட்சியகத் தலைவரின் பொறுப்பு. அங்கேயும் தொட்டி நிறைய மீன் வேண்டுமென்றால் கட்டுமரக்காரர்கள்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். எந்த மீன் எத்தனை மணி நேரம் பானையில் தாங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததை யாராவது கடிதத்தில் எழுதினார்களா? அந்தக் கோப்புகளைத் தமிழில் யாராவது தொகுத்தால், வரிசையில் முதல் ஆளாக நிற்பேன்.

போன வாரம் லுமுட் படகுத்துறையில் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். பங்கோர் படகுகளில் முப்பது வருஷம் வலை இழுத்தவர். "உன் முதலாளிக்கு எழுதுறப்போ என் பேரைப் போடுவியா?" என்று கேட்டார். போன மாதம் மதகுக் கதவை மாற்றச் சொல்லி நான் அனுப்பிய அறிக்கையில் இருந்த அலைக் கணக்கு முழுக்க அவர் சொன்னது. பெயர் போடவில்லை.