வேலைக்கு முன்பா, திறப்பு விழாவிலா: ஓசூரும் யாழ்ப்பாணமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மழைக்காலத்து நாளிதழைப் புரட்டினால் ஒரு சிறு செய்தி கட்டாயம் கண்ணில் படும். கெலவரப்பள்ளி அணைக்கு வினாடிக்கு எத்தனை கனஅடி வந்தது, எத்தனை கனஅடி திறந்துவிட்டார்கள், மொத்த உயரமான 44.28 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்ற கணக்கு அது. கே.ஆர்.பி. அணை என்றால் 52 அடிக் கணக்கு. தண்ணீர் கூடினால், கிருஷ்ணகிரி தொடங்கிக் கடலூர் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் எச்சரிக்கை போகும். முன்பெல்லாம் ஊருக்குள் தண்டோரா போட்டார்கள். அந்த வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கி வண்டியைப் பயன்படுத்துமாறு 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார்.

நடக்கப் போவதை நடப்பதற்கு முன் சொல்ல வேண்டும் என்பதில் அணை விஷயத்தில் யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அதே இரவில் கீழே சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி பாய்ந்தது. சொல்லிவிட்டுத் திறந்தார்களா, சொல்லாமல் திறந்தார்களா என்ற சண்டை சட்டப்பேரவை வரை போனது. அதே கேள்வியை ஒரு சாக்கடைப் பணிக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தொழிற்பேட்டைக்கோ கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? பாக் நீரிணைக்கு இரு பக்கமும் பதில் வெவ்வேறாக இருக்கிறது.

ஓசூரை எடுத்துக்கொள்வோம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று 1980களிலேயே பெரிய ஆலைகள் வந்து இறங்கிய ஊர். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். 2019இல் நகராட்சி மாநகராட்சியானது. 2022 பிப்ரவரியில் 45 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்து, எஸ்.ஏ. சத்யா முதல் மேயரானார். சேவை என்ற அளவில் இன்றைய ஓசூர்வாசிக்குத் தகவலுக்குப் பஞ்சமில்லை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் எவ்வளவு பாக்கி என்று கைபேசியிலேயே பார்த்துக் கட்டிவிடலாம். 2023 டிசம்பரில் ‘மக்களுடன் முதல்வர்’, 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று பல துறைகள் ஒரே பந்தலில் உட்கார்ந்து மனு வாங்கும் முகாம்கள் வந்தன. இவற்றின் பெயரே சொல்லும்: அறிவிப்பு புறப்படும் இடம் சென்னை, மாநகராட்சி அதைக் கொண்டுசேர்க்கும் இடம்.

திட்டம் என்று வந்தால் கதை மாறுகிறது. ஒரு தெருவில் பாதாளச் சாக்கடை தோண்டப் போகிறார்கள் என்றால், முதலில் அச்சில் வருவது ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் அது ஒப்பந்ததாரருக்கு எழுதப்பட்டது. தெருக்காரருக்கு முதல் தகவல் பூமிபூஜை சுவரொட்டியில், அல்லது வாசலில் வந்து நிற்கும் ஜேசிபியில். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே தகவலை வெளியிடச் சொல்கிறது. எத்தனை நாள் முன்னதாக என்ற கெடு அதில் இல்லை.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தக் கெடுவை எழுதி வைத்திருக்கிறது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, ஒரு செயற்றிட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் விவரம் தர வேண்டியது துறை அமைச்சரின் கடமை. உள்நாட்டுப் பணம் என்றால் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட எந்த வேலையும் இதில் அடங்கும். ஒரு சிறு ஒழுங்கையைத் தார் போட்டாலே அந்தத் தொகை தாண்டிவிடும். விண்ணப்பித்துக் கேட்டால் பதில் தர இலங்கையில் 14 வேலை நாள், இந்தியாவில் 30 நாள்.

எழுத்தில் இலங்கை முந்துகிறது. ஆனால் அந்தக் கடமை அமைச்சரின் தலையில் இருக்கிறது, பிரதேச சபைத் தவிசாளரின் தலையில் இல்லை. இலங்கை உள்ளூராட்சி மன்றங்களின் கையில் இருப்பவை சிறு வீதிகள், சந்தை, தெருவிளக்கு, கழிவகற்றல், சோலைவரி, நூலகம். யாழ்ப்பாணப் பொது நூலகம் மாநகர சபையுடையது. குழாய்த் தண்ணீரோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் கையில், மின்சாரம் வேறு கையில். ஓசூர் மாநகராட்சியோ ஊருக்குள் குடிநீரைத் தானே வினியோகிக்கிறது, சாக்கடையைத் தானே கட்டுகிறது. முன்கூட்டிச் சொல்லும் சட்டம் உள்ள நாட்டில் உள்ளூர் மன்றத்திடம் சொல்வதற்குச் சரக்கு குறைவு. சரக்கு உள்ள ஊரில் முன்கூட்டிச் சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு.

இதை இரண்டு தண்ணீர்த் திட்டங்களில் தெளிவாகப் பார்க்கலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளூரைடு அதிகம். பற்கள் கறைபட்டு, எலும்பு வளைந்த தலைமுறைகளைக் கண்ட மண். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய்த் திட்டம். எதிர்ப்பு கிளம்பியது உள்ளூரில் இல்லை, எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில். ஏப்ரலில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டு, பிறகு மீண்டும் தொடங்கி, 2013 மே மாதம் ஜெயலலிதா காலத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அடிக்கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். பயனாளிகள் வரவேற்றார்கள், காத்திருந்தார்கள், பெற்றார்கள். திட்டத்தின் வடிவத்தில் அவர்களுக்குப் பங்கு இருக்கவில்லை.

யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2010இல் கடன் ஒப்புக்கொண்டது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுபோவது முதல் யோசனை. இரணைமடுவை நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகள் ஏற்கவில்லை. தங்கள் வயலுக்கே போதாத நீரில் பங்கு கேட்பதா என்றார்கள். மாகாண அரசியல் அதில் இறங்கியது, கூட்டம் கூட்டமாகப் பேச்சு நடந்தது, கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்குவது என்று திட்டமே மாறியது. அதற்கும் வடமராட்சி கிழக்கின் கடற்றொழிலாளரிடமிருந்து ஆட்சேபம் வந்தது. தாளையடியில் அந்த நிலையம் திறக்கப்பட்டபோது 2024 ஆகஸ்ட் ஆகியிருந்தது. பாதிக்கப்படுவோரின் சொல்லுக்கு இடம் கிடைத்தது. விலை, ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள். ஓசூர் அதிகாரி ஒருவர் இந்தக் கதையைக் கேட்டால், இதற்குத்தான் முன்கூட்டிச் சொல்லத் தயங்குகிறோம் என்பார். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் சொல்லாததற்கும் ஒரு விலை இருக்கிறது. யாழ்ப்பாண மாவட்டத்துச் சுன்னாகத்தில் அதைப் பார்க்கலாம். அங்கே மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாக மக்கள் சொன்னார்கள். நீர் வழங்கல் சபையின் பரிசோதனை ஒன்று சொன்னது, வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு வேறொன்று சொன்னது. எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று வீட்டுக்காரருக்கு ஒரே குரலில் சொல்ல ஆளில்லை. பவுசர் தண்ணீருக்குக் காத்து நிற்பதே வழக்கமானது. 2019 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் உச்சநிலை நீதிமன்றமான உயர் நீதிமன்றம், அந்த மின் நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தெற்கே கம்பஹா மாவட்டத்து ரத்துபஸ்வலவில் நிலைமை இன்னும் மோசம். தொழிற்சாலை ஒன்றால் நிலத்தடி நீர் கெட்டுவிட்டதென்று 2013 ஆகஸ்ட் 1 அன்று வீதிக்கு வந்தவர்கள் மீது இராணுவம் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். தகவல் அறியும் சட்டம் வருவதற்கு மூன்று ஆண்டு முந்தைய சம்பவம் அது.

ஓசூருக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளியில் வெள்ளை நுரையாகப் பொங்குவது ஆண்டுதோறும் படமெடுக்கப்படும் காட்சி. அடி எத்தனை, கனஅடி எத்தனை என்று நாள் தவறாமல் சொல்லும் அரசு, அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதை அதே ஒழுங்கில் சொல்வதில்லை. வெளியேற்றுவது ஒரு மாநிலம், அனுபவிப்பது இன்னொரு மாநிலம் என்பதால் பொறுப்பு எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது.

நிலம் எடுக்கும்போது இந்தத் தாமதம் இன்னும் கூர்மையாகத் தெரியும். 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வையும் மக்கள் கருத்துக் கேட்பையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு தன் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. மாநிலம் புதுச் சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் டெல்லி உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. சூளகிரி வட்டத்தின் உத்தனப்பள்ளி, அயர்ணப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் புதிய சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் முயற்சிக்கு எதிராக 2023இல் விவசாயிகள் தொடர்ந்து காத்திருப்புப் போராட்டம் நடத்திய பின்புலம் இதுதான். பேசுவதற்கான மேடை வேலைக்கு முன்பே போடப்படாதபோது, பந்தலை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

யார் வந்து சொல்வது என்பதும் இரு நாட்டுக்கும் பொதுவான சிக்கல். தமிழகத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தபின், நகர்ப்புறத்தில் 2022 வரை கவுன்சிலரே இல்லை. ஓசூர் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்ததே அந்த இடைவெளியில்தான். அதைப் பற்றிப் பேச தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அன்று ஊரில் இல்லை. இலங்கையிலும் 2023 மார்ச்சில் மன்றங்களின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போடப்பட்டது, ஆணையாளர்களும் செயலாளர்களும் ஆண்டார்கள். தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது.

மன்றம் இருக்கும் காலத்தில் யாழ்ப்பாணத்தின் கூட்டங்களுக்குத் தனிச் சூடு உண்டு. பாதீட்டு வரைபை மக்கள் பார்வைக்கு வைத்துப் பத்திரிகையில் அறிவித்தல் கொடுப்பது அங்கே வழமை. பாதீடு இரண்டு முறை தோற்றால் மாநகர முதல்வர் பதவியே போய்விடும். 2020 டிசம்பரில் இம்மானுவேல் ஆனல்ட் அப்படித்தான் பதவியிழந்தார், வி. மணிவண்ணன் வந்தார். தலை உருளும் என்பதால் வரவு செலவுக் கணக்கு சனசமூக நிலையத்து வாசகசாலைப் பேச்சாகிறது. ஓசூரில் மாநகராட்சி பட்ஜெட் அந்த அளவுக்கு யார் தூக்கத்தையும் கெடுப்பதில்லை.

தமிழகத்துக்கும் பெருமைப்பட ஒன்று உண்டு. கிராமசபை. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022 முதல் ஆறாயின. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்ந்துகொண்டன. நகரத்தில் அதே மாதிரி பகுதி சபா 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியது. அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பம்மலில் உட்கார்ந்து மக்கள் குறை கேட்டார். மக்கள் நேரில் எழுந்து கணக்குக் கேட்கச் சட்டமே நாற்காலி போடும் இந்த ஏற்பாட்டுக்கு இணையானது இலங்கை வட்டாரங்களில் இல்லை.

அந்த நாற்காலியும் வாக்காளருக்கு மட்டும். ஓசூர் ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் இளைஞர்களுக்கும், தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் பெண்களுக்கும் பெயர் வேறு ஊர்ப் பட்டியலில். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தின் கதையும் அதே. வாடகை அறைகளில் நெருக்கியடித்து வாழும் தொழிலாளப் பெண்கள் பலரின் வாக்கு சொந்தக் கிராமத்தில். குப்பை வண்டி எப்போது வரும், குழாய் எப்போது வரும் என்ற தகவல் மிகவும் தேவைப்படுபவர்கள், அந்த ஊரில் யாருக்கும் ஓட்டுப் போடாதவர்கள்.

அறிவிப்பு எந்த மொழியில் வர வேண்டும் என்பதில் இலங்கைக்குப் பாடம் கசப்பானது. அதனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சிறுபான்மையர் கணிசமாக உள்ள பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக்க இடம் தருகிறது. தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகளாக உள்ள ஓசூரில் அறிவிப்புகள் பெரும்பாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன.

அடுத்த பெரிய வேலை ஓசூர் விமான நிலையம். 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்ற அறிவிப்பை 2024 ஜூன் 27 அன்று மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் வெளியிட்டார். பெங்களூர் விமான நிலைய ஒப்பந்தத்தின்படி 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் கூடாது என்பதால் அவகாசம் இருக்கிறது. இலங்கைச் சட்டம் கேட்கும் மூன்று மாதத்தைப் போலப் பல மடங்கு அது. நிலம் கொடுக்கப் போகிறவர்கள் கிராம ஊராட்சிகளில் வாழ்கிறார்கள். அந்த மாவட்டத்தின் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலமோ 2025 ஜனவரி 5உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. எந்த சர்வே எண், என்ன விலை, ஏரிக்கு வரும் ஓடை எப்பக்கம் திருப்பப்படும் என்ற விவரங்களை வரைபடத்தோடு கிராமசபையில் வைக்க எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. ஆண்டுக்கு ஆறு கூட்டம் ஏற்கனவே இருக்கிறது.