தேனிலவு யாருக்கு?

'பண்பாட்டு அதிர்ச்சி' என்ற சொல் வருமிடமெல்லாம் கலெர்வோ ஓபெர்க்கின் பெயரும் வந்துவிடும். கனடாவில் பிறந்த மானிடவியலாளர். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1960இல் அச்சானது. ஆனால் அது 1954இல் ரியோ டி ஜெனீரோ மகளிர் மன்றத்தில் அவர் ஆற்றிய உரை. அதற்கும் முன்பே, 1951இல், கோரா டு பாய்ஸ் என்ற பெண் மானிடவியலாளர் இச்சொல்லை மேடையில் ஆண்டிருக்கிறார். பாடநூல்களில் அவர் பெயரை அரிதாகவே பார்க்கிறோம்.

பெண்கள் கேட்ட உரையாயிற்றே என்று அதில் பெண்களைத் தேடி வாசித்தேன். பழகிய குறிகள் கைநழுவிப் போவதே அதிர்ச்சிக்குக் காரணம் என்கிறார் ஓபெர்க். எப்போது கைகுலுக்குவது, எப்போது டிப்ஸ் கொடுப்பது, வேலையாட்களுக்கு எப்படிக் கட்டளையிடுவது என்று பட்டியல் நீள்கிறது. ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீர் பற்றிய அச்சம், வேலையாட்கள் மேலே பட்டுவிடுவார்களோ என்ற பயம் ஆகியவை நோயின் அறிகுறிகள். கடைசி அறிகுறிக்கு நம் ஊரில் ஆசாரம் என்று பெயர். இரண்டாம் கட்டத் தொல்லைகளில் வேலைக்காரியால் வரும் தொல்லையும் ஒன்று.

ஆக, உரைக்குள் வேலைக்காரி இருக்கிறாள். அதிர்ச்சி மட்டும் அவளுக்குரியதாக இல்லை.

இதை வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி எழுந்தாள். "எங்க அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாங்கம்மா. அவங்க இதுல எந்தக் கட்டம்?"

என்னிடம் பதில் இல்லை. சென்னையிலிருந்து குவைத் விமானத்தில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஓபெர்க்கின் முதல் கட்டத்துக்குத் தேனிலவு என்று பெயர். விடுதியில் தங்கி எல்லாவற்றையும் வியந்து பார்க்கும் காலம் அது. சில நாள் முதல் ஆறு மாதம் வரை நீளலாமாம். கஃபாலா முறையில் நாட்டில் தங்கும் உரிமையே முதலாளியின் கையில். இறங்கிய கையோடு அடுப்படிக்குள் போகிறவளுக்குத் தேனிலவு ஒரு நாளும் இல்லை. தாங்காவிட்டால் ஊர் திரும்பும் வழி ஓபெர்க்கின் பயணிக்கு உண்டு. பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்தவளுக்கு அதுவும் இல்லை.

கடைசிக் கட்டம் அனுசரிப்பு. இச்சொல்லைக் கேட்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. தாலி ஏறிய மறுநாள் வேறு வீடு, வேறு குலதெய்வம், குழம்பில் வேறு புளிப்பு. யாரும் அதை அதிர்ச்சி என்று சொல்லவில்லை. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்றார்கள். எனக்கும் சொன்னார்கள். நானும் பண்ணிக்கொண்டேன்.

ஓபெர்க்கைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. இடம் மாறியவரின் கலக்கத்தைப் பலவீனம் என்று தள்ளாமல், அதற்குக் காரணமும் அறிகுறியும் உண்டு என்று காட்டியது பெரிய காரியம். அந்தப் பரிவு யார் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது என்பதே என் கேள்வி.

ஊர் திரும்பிய பிறகும் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றபடியேதான் சாப்பிடுகிறார் என்றாள் மாணவி. அந்த ஊர்ப் பழக்கம் விடவில்லையாம்.

என் அம்மா எந்த நாட்டுக்கும் போனதில்லை. அவரும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டார்.