அடிபட்டுப் பறந்தவை

விக்கிரமசிங்கபுரம் பக்கம் உண்டிவில்லைத் தொடாமல் வளர்ந்த பையன்கள் குறைவு. மேற்கே பொதிகை மலை, கீழே தாமிரபரணி, இடையில் கோடைமேலழகியான் கால்வாய் பாயும் வயல்கள். அணில், மைனா, புறா, மடையான் எல்லாம் கல்லெறி தூரத்தில் இருக்கிற ஊர். அந்த வேட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘சின்னப் பையன்கள் விளையாட்டு’ என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால் ‘சட்டப்படி குற்றம்’ என்று முடித்துவிடுகிறோம். இரண்டுமே விஷயத்தைத் தாண்டிப் போவதற்கான வழிகள்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். நல்ல உண்டிவில் செய்வதே ஒரு கைவேலை. கொய்யாவிலோ புளியிலோ இரு கிளையும் ஒரே பருமனாகப் பிரிகிற கவட்டையைத் தேடி வெட்டி, பட்டையை உரித்து, இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி அனலில் வாட்டினால் வளைவு நிற்கும். சைக்கிள் டியூபை ஒரே அகலத்தில் இரண்டு வாராக அறுக்க வேண்டும். ஒன்று சற்றுப் பெருத்தாலும் கல் பக்கவாட்டில் ஓடும். கல் வைக்கப் பழைய செருப்புத் தோல். இத்தனையும் ஆன பிறகு பறவைக்குப் பத்துப் பதினைந்து அடி கிட்டே போகத் தெரிய வேண்டும். எந்த மரத்தில் எப்போது அடையும், எந்தக் குரல் எச்சரிக்கைக் குரல் என்றெல்லாம் படித்தவன்தான் போக முடியும். நரிக்குறவர்களிடம் இருக்கும் பறவை அறிவு இப்படி வந்ததுதான். வலை ஒரு கூட்டத்தையே வாரிவிடும். விஷம் தடவிய தானியம் தின்றதையெல்லாம் கொல்லும். பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் வெடி யானையின் வாயைக் கிழிக்கும். இவற்றோடு வைத்துப் பார்த்தால், ஒரு கல்லுக்கு ஓர் உயிர் என்கிற உண்டிவில் அடக்கமான கருவிதான்.

ஆனால் ஒரு கல்லுக்கு ஓர் உயிர் என்பது உண்மையில் நடப்பதில்லை. பத்துக் கிராம் கூழாங்கல் நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 8 ஜூல். தலையில் பட்டால் மைனா அங்கேயே விழும். ஆனால் ஆற்றங்கரைக் கல் உருண்டையாக இருப்பதில்லை. காற்றில் புரண்டு விலகும். தலைக்கு வைத்த குறி இறக்கையிலோ இடுப்பிலோ காலிலோ போய் விழும். வரப்பில் நிற்கும் மடையானின் இறக்கை எலும்பில் பட்டால் அது சாகாது. இரண்டு இறகு உதிரும், தள்ளாடி நாணலுக்குள் போகும், தேடினாலும் கிடைக்காது. பறக்க முடியாத மடையானை நாயோ கீரியோ பிடிக்கும், அல்லது அது பட்டினியில் சாகும். குஞ்சு பொரித்திருந்த காலமென்றால் கூடும் சேர்ந்து அழியும். வேட்டைக்காரன் பையில் விழுந்ததை மட்டும் எண்ணுகிறான். அடிபட்டுப் பறந்தவை யார் கணக்கிலும் வருவதில்லை. இந்த வேட்டையின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

அடி அடிபட்டவரோடு தங்கிவிடும் என்பதைக் கம்பர் அறிந்திருந்தார். சிறுவன் இராமன் விளையாட்டாக வில்லில் வைத்துத் தன் கூனில் அடித்த மண்ணுருண்டையை மந்தரை மறக்கவில்லை. அடித்தவனுக்கு அன்று அது சின்ன விஷயம்.

பாட்டன் காலத்து வழக்கம் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. ஆனால் தினைப்புனத்தில் வள்ளி பிடித்த கவண் கிளியை ஓட்டுவதற்கான கயிற்றுக் கவண். கறிக்காக அவள் கல் வீசவில்லை. ரப்பர் வைத்த உண்டிவில்லோ, 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைப் பதப்படுத்தும் வழியைக் கண்டுபிடித்த பிறகே வரமுடிந்த கருவி. இப்போது அதுவும் மாறிவிட்டது. கல்லின் இடத்தில் இரும்புக் குண்டு, டியூபின் இடத்தில் ஆன்லைனில் வாங்கிய பட்டை ரப்பர், நெற்றியில் கட்டிய டார்ச். இரவில் அடைந்த புறாவின் கண்ணில் வெளிச்சம் அடித்துச் சுடுவதற்குப் பறவையைப் படிக்க வேண்டியதே இல்லை. நான் மேலே புகழ்ந்த திறமை அங்கேயே செத்துவிட்டது.

ஆற்றங்கரை மருத மரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவாலின் நிலை இன்னும் மோசம். அதன் கறி இளைப்புக்கு மருந்து என்று அடிக்கிறார்கள். குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே இருக்கும். தாய் விழுந்தால் அதுவும் விழும். இலுப்பை விதையைத் தூரத்தில் கொண்டு போடுவது இந்த வௌவால்தான். இதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே வெகுகாலம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இன் திருத்தம்தான் அந்தப் பட்டியலான ஐந்தாம் அட்டவணையை எடுத்தது. அடிக்க முயல்வதும் வேட்டைதான் என்கிறது சட்டம். ஊருக்கு மேற்கே களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் என்றால் தண்டனை இன்னும் கடுமை. சட்டம் சரியே. ஆனால் பொழுதுபோக்குக்கு இரும்புக் குண்டு அடிக்கும் பைக் இளைஞனைவிட, பிழைப்புக்கு அடிக்கும் நரிக்குறவர்மேல் அது எளிதாகப் பாய்ந்துவிடுகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

ஆகவே கொல்லும் கருவியாக உண்டிவில்லை நான் ஏற்கவில்லை. ஓட்டும் கருவியாக ஏற்கிறேன். பிசான நெல் பால் பிடிக்கும்போது இறங்கும் சில்லைக் கூட்டத்தை எழுப்ப, காயவைத்த வண்டல் உருண்டையைத் தலைக்கு மேலே அடித்தால் போதும். அதுவும் வயல்காரன் கையில், பகலில். வேட்டைக்காரர்களின் பறவை அறிவுக்கும் இங்கேயே வேலை இருக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் தாமிரபரணி பாசனக் குளங்களில் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தன்னார்வலர்கள் தொலைநோக்கியோடு குளக்கரைக்குப் போகிறார்கள். எந்தக் கரையில் எந்த நேரம் என்ன இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்களை அந்தக் குழுக்களில் சேர்த்து, அன்றைய கூலியையும் கொடுத்து அழைத்துப் போக வேண்டும்.