நீர்மூழ்கி ஓட்டும் லத்தீனோக்கள்

2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற வகை இணையக் கணிப்பு ஒன்றில் குறும்பான ஒரு கேள்வியைச் செருகியது: அணுசக்தி நீர்மூழ்கியை இயக்க உங்களிடம் உரிமம் இருக்கிறதா? ஹிஸ்பானிக், அதாவது லத்தீனோ, என்று தங்களைக் குறித்துக்கொண்டவர்களில் 24 சதவீதம் பேர் இருக்கிறது என்றார்கள். மற்றவர்களில் 2 சதவீதம். சன்மானத்துக்காகப் படிவம் நிரப்புகிறவர் எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று தட்டிவிட்டுப் போவார், ‘நீங்கள் ஹிஸ்பானிக்கா?’ என்பதற்கும் அதே ‘ஆம்’தான். இப்படி முளைத்த லத்தீனோக்களின் விடையும் சேர்ந்துதான் செய்தியாகிறது.

நாணயமான கணிப்புகளுக்கு வேறு தொல்லை. ஆயிரம் பேரைக் கேட்டால் அதில் லத்தீனோக்கள் நூறு, நூற்றைம்பது பேர் தேறலாம். நூறு பேர் என்றால் பிழை வரம்பே ஏறத்தாழ 10 புள்ளி. ‘ஆதரவு 6 புள்ளி சரிவு’ என்ற தலைப்புக்கு அங்கே பொருளே இல்லை. ஸ்பானிய மொழியில் பேசிக் கேட்க ஆள் வைக்காவிட்டால் புதிதாகக் குடியேறியவர்கள் கணக்கிலிருந்தே நழுவிவிடுவார்கள்.

அதனால்தான் லத்தீனோக்களிடம் மட்டும் இரு மொழியிலும் நடத்தும் கணிப்புகள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் 2016 அதிபர் தேர்தலைப் பாருங்கள். டிரம்புக்கு லத்தீனோ ஓட்டு 18 சதவீதம் என்றது அப்படிப்பட்ட கணிப்பு நடத்தும் ‘லத்தீனோ டிசிஷன்ஸ்’ நிறுவனம். ஓட்டுப் போட்டுவிட்டு வருபவர்களிடம் எடுக்கும் எக்ஸிட் போல் அதைவிடப் பத்துப் புள்ளி கூடுதலாகச் சொன்னது. மாநில முடிவைக் கணிக்கத் தேர்ந்த வாக்குச்சாவடிகள் லத்தீனோக்களைக் காட்டாது என்று அந்த நிறுவனம் வாதாடியது. நியாயமான குற்றச்சாட்டுதான், 2004இல் புஷ்ஷுக்கு எக்ஸிட் போல் கொடுத்த 44 சதவீதம் பிறகு 40 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இருந்தும், 2016இல் உண்மையில் ஓட்டுப் போட்டவர்களை வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பியூ எடுத்த கணக்கில் டிரம்புக்கு 28. குறை கண்டவர் கண்ட குறை சரி, அவர் போட்ட கணக்கு தப்பு.

மயாமி கியூபரையும் நியூயார்க்கின் பிராங்ஸ் புவெர்த்தோ ரிக்கரையும் ஒரே எண்ணில் அடைப்பதுதான் இவற்றில் ஆகப் பெரிய பிழை என்பேன். இந்த இருவரிலும் சேராத இன்னொரு வகையினர் டெக்சாஸ் எல்லையில் ரியோ கிராண்டே கரையோரம் இருக்கும் ஸ்டார் கவுண்டிக்காரர்கள். கிட்டத்தட்ட எல்லாரும் லத்தீனோக்கள். 2016இல் கிளின்டன் அங்கே 60 புள்ளி முந்தினார். 2020இல் பைடனுக்கு 5 புள்ளிதான். 2024இல் டிரம்பே ஜெயித்தார், குடியரசுக் கட்சி நூறாண்டுக்கு மேல் வெல்லாத இடத்தில். அந்தப் பக்கத்தில் பலர் தங்களை லத்தீனோ என்பதைவிட, டெக்சாஸ்காரர் என்ற பொருளில் தெஹானோ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். கணிப்புப் படிவத்தில் அதற்கு வழக்கமாகக் கட்டம் இருப்பதில்லை.