எந்த மக்களின் மரபணு? பார்கின்சன் ஆய்வுகளின் பலமும் குறையும்

துனிசியாவில் பார்கின்சன் நோயால் நடுங்கும் அரபு-பெர்பர் மக்களைப் பரிசோதித்தால், ஏறத்தாழப் பத்தில் நான்கு பேரிடம் ஒரே மரபணு மாறுபாடு அகப்படுகிறது. எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் உள்ள ஜி2019எஸ் அது. நைஜீரியாவில் அதே நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் தேடினால் அது இருப்பதே இல்லை எனலாம். இரண்டும் ஆப்பிரிக்க நாடுகள். உலக அட்டவணைகளில் ‘ஆப்பிரிக்க வம்சாவளி’ என்று ஒரு பத்தி போட்டு இந்த இரு மக்களையும் அதில் அடைத்தால், வரும் சராசரி இருவரில் எவருக்கும் பொருந்தாது.

மக்களை வம்சாவளி வாரியாகப் பிரித்து நோயின் மரபணுக் காரணங்களைத் தேடும் இந்த முறை நல்லதா என்று கேட்டால், நல்லது என்றே சொல்வேன். அது இப்போது நடக்கும் விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அதன் பலம். பார்கின்சன் மரபணு ஆய்வே குறிப்பிட்ட ஊர்களிலும் குடும்பங்களிலும் பிறந்ததுதான். 1997இல் தெற்கு இத்தாலியின் கோன்துர்சி ஊரைப் பூர்விகமாகக் கொண்ட ஒரு பெருங்குடும்பமும் சில கிரேக்கக் குடும்பங்களும் ஆல்பா-சைநியூக்ளீன் மரபணுவைக் காட்டிக்கொடுத்தன. மறு ஆண்டே ஜப்பானியக் குடும்பங்களிலிருந்து பார்க்கின் மரபணு தெரிய வந்தது. 2009இல் பல நாட்டு மருத்துவ மையங்கள் சேர்ந்து, காஷே என்ற பரம்பரை நோய்க்குக் காரணமான ஜிபிஏ1 மரபணு மாறுபாடுகள் பார்கின்சன் அபாயத்தை ஐந்து மடங்குக்கு மேல் உயர்த்துவதை உறுதிசெய்தன. அஷ்கெனாசி யூதர்களிடம் இந்தத் தொடர்பு மிகத் துலக்கமாகத் தெரிந்தது.

அதன்பின் கணினியும் பெருந்தொகையும் வந்தன. ஆய்வு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 2019இல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியான ஆய்வு 37,688 நோயாளிகளைக் கொண்டு 90 அபாயக் குறிகளைக் கண்டது. பெரிய சாதனை. ஆனால் அதில் இருந்தவர்கள் அனைவரும் ஐரோப்பிய வம்சாவளியினர்.

இந்தச் சாய்வின் விலை 2023இல் தெரிந்தது. லாகோஸ், லண்டன், அமெரிக்கா ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து, பெரும்பாலும் நைஜீரியர்களும் அமெரிக்கக் கறுப்பின மக்களும் அடங்கிய 1,488 நோயாளிகளின் மரபணுக்களைப் படித்தார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் அதே ஜிபிஏ1 மரபணுவில், இருபதாண்டுகளாக யார் கண்ணிலும் படாத ஒரு மாறுபாடு கிடைத்தது. ஒரு பிரதி இருந்தால் அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால் மூன்றரை மடங்கு. ஐரோப்பியரிடம் அது மிக அரிது.

இது ஏன் கண்ணில் படவில்லை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மரபணுவிலிருந்து நகலெடுத்த ஆர்.என்.ஏ.வில் வேண்டாத துண்டுகளைச் செல் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஒட்டிக்கொள்ளும். அப்படி வெட்டுவதற்குப் பிடிமானமாக ஓர் எழுத்து வேண்டும். ஜிபிஏ1இன் எட்டாவது இடைத்துண்டில் அந்த எழுத்தே இங்கே மாறிவிடுகிறது. துண்டு சரியாக வெட்டுப்படாமல் தங்கிவிட, ஜிபிஏ1 உருவாக்கும் நொதி குறைகிறது. வழக்கமான பரிசோதனைகளோ புரதத்துக்கான பகுதிகளை மட்டும்தான் பெரும்பாலும் வாசிக்கின்றன. ஆகவே ஒரு நைஜீரிய நோயாளிக்கு ‘ஜிபிஏ1 மாறுபாடு இல்லை’ என்று அறிக்கை கொடுத்தால், அது ஐரோப்பியரிடம் தெரிந்த மாறுபாடுகள் இல்லை என்று மட்டுமே பொருள்படும். நோயாளிக்கு அதை யாரும் அப்படி விளக்கிச் சொல்வதில்லை.

இப்போது குறைகள். வம்சாவளிப் பெயர்கள் மிகவும் பருமனானவை. எல்ஆர்ஆர்கே2இன் ஜி2385ஆர் மாறுபாடு சீனரிடமும் ஜப்பானியரிடமும் அபாயத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. சிங்கப்பூரில் ஒரே அடுக்குமாடியில் வசிக்கும் சீனருக்குப் பொருந்தும் இந்தத் தகவல், பக்கத்து வீட்டுத் தமிழருக்குப் பொருந்தாது. இந்தியரிடம் அந்த மாறுபாடு அநேகமாகக் காணப்படுவதில்லை. ‘ஆசியர்’ என்ற ஒற்றைச் சொல்லில் இருவரையும் எழுதிவிட்டால் மருத்துவர் எதை நம்பி ஆலோசனை சொல்வார்?

மாறுபாடு ஒன்றாகவே இருந்தாலும் அபாயம் ஒன்றாக இருப்பதில்லை. ஜி2019எஸ் உள்ள துனிசியருக்கு நோய் ஒப்பீட்டளவில் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. அதே மாறுபாடு உள்ள நார்வே நாட்டவருக்கு நன்றாகத் தள்ளிப்போகிறது. பலருக்கு ஆயுள் முழுக்க வராமலேயே போகிறது. மற்ற மரபணுக்கள், சுற்றுச்சூழல், பூச்சிக்கொல்லி என்று எத்தனையோ நடுவில் வருகின்றன. ஓர் ஊரில் கணக்கிட்ட சதவீதத்தை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவதைப் புள்ளிவிவரப் பிழை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. ஒரு மனிதரைக் காரணமில்லாமல் பயமுறுத்தும் காரியம் அது.

என்னை அதிகம் வருத்துவது இன்னொன்று. 2023 இறுதியில் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த பல்வம்சாவளி ஆய்வு, 49,049 நோயாளிகளை வைத்து 78 அபாய இடங்களைக் கண்டது; அவற்றில் 12 புதியவை. ஐரோப்பியர், கிழக்காசியர், லத்தீன் அமெரிக்கர், ஆப்பிரிக்கர் என நான்கு வம்சாவளிகள். மனித குலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கான தெற்காசியர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

நம்மைப் படிக்காமல் விடுவதில் அறிவியலுக்கே நட்டம். 2017இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு, அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்தியரையும் விடக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து வந்த 81 தெற்காசியக் குழுக்களைக் கண்டது. அவற்றில் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்டவை. சாதிக்குள்ளேயே கல்யாணம், அதன் மேல் தமிழகத்தில் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கொடுத்து வாங்குவது. பார்க்கின் போன்ற, இரு பெற்றோரிடமிருந்தும் வர வேண்டிய மாறுபாடுகள் இப்படிப்பட்ட குடும்பங்களில் இணைந்து வெளிப்பட வாய்ப்பு அதிகம். இளவயதில் பார்கின்சன் வந்தவர்களிடம் இந்திய மருத்துவர்கள் அண்மையில் தொடங்கியிருக்கும் மரபணு ஆய்வுகள் சரியான திசையில் எடுத்த அடி. இந்தியர் பத்தாயிரம் பேரின் மரபணு வரிசையைத் திரட்டிய ஜீனோம் இந்தியா திட்டம், ஒப்பிடுவதற்கு ஒரு தளத்தைக் கொடுத்திருக்கிறது. நோயாளிகளின் தரவுதான் இன்னும் மிகக் குறைவு.

மருந்தும் இனி மரபணு பார்த்தே வரப்போகிறது. நம் மருந்துக்கடைகளில் சளிக்கு விற்கும் அம்ப்ராக்சால், ஜிபிஏ1 உருவாக்கும் நொதியைத் தூக்கிவிடும் என்பதால் பிரிட்டனில் பார்கின்சனுக்காகச் சோதிக்கப்படுகிறது. எல்ஆர்ஆர்கே2ஐ அடக்கும் மருந்துகளும் பரிசோதனையில் உள்ளன. எந்த மாறுபாடு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாத மக்களுக்கு இவற்றை எப்படித் தேர்ந்து கொடுப்பது?

ஆகவே, வீட்டில் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன்பே இந்த நோய் வந்திருந்தால், நரம்பியல் மருத்துவர் சொல்லும் மரபணு வரிசைப் பரிசோதனையைத் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். ஆய்வுக்குத் தரவு கேட்டால் கொடுங்கள். ஆனால் நலமாக இருப்பவருக்கு ‘பார்கின்சன் அபாய மதிப்பெண்’ என்று எவரேனும் விற்க வந்தால், அது எந்த மக்களிடம் கணக்கிடப்பட்டது என்று முதலில் கேளுங்கள். ஐரோப்பியரிடம் என்று பதில் வந்தால் வாங்க வேண்டாம்.