வால்டார்ஃப் சாலட்

நியூயார்க் நகரத்து வால்டார்ஃப் ஹோட்டலில் விருந்தினரை உபசரிக்கும் பொறுப்பில் இருந்த ஆஸ்கர் சிர்க்கி, 1896-இல் வெளிவந்த தமது பெரிய சமையல் நூலில், ஆப்பிள், செலரித் தண்டு, மயோனைஸ் என்னும் மூன்றே பதார்த்தங்களைக் கொண்டு எழுதிவைத்த சாலட், அடுப்பு மூட்டாமலே சித்தமாகிவிடும் அபூர்வ சிருஷ்டி. ஆப்பிள் விதை ஒன்றுகூடக் கலந்துவிடலாகாது என்று அதில் அவர் அக்கறையோடு எச்சரிக்கிறார். அக்ரூட் பருப்பு பிற்காலத்தில் வந்து சேர்ந்தது, அதுவும் நல்வரவே.

இதன் ஜீவன் மொறுமொறுப்பில் இருக்கிறது. குளிர்ந்த நீரில் சற்றே ஊறி விறைத்த செலரித் தண்டில் கத்தி இறங்கும்போது எழுகிற 'நறுக்'கென்ற ஓசையும், வெட்டிய சிறிது நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கும் ஆப்பிளின் வெண்மையைக் காத்து நிற்கும் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறும், முட்டையின் மஞ்சட் கருவில் எண்ணெயைத் துளித் துளியாக விட்டுக் கை ஓயாமல் அடிக்க அடிக்கத் திரண்டுவரும் மயோனைஸின் மிருதுத்தன்மையும் ஒன்றுகூடும்போது, இனிப்பும் புளிப்பும் கொழுமையும் நாவுக்கு ஒருங்கே வாய்க்கின்றன. அவசரப்பட்டு எண்ணெயைக் கொட்டினால் மயோனைஸ் திரிந்துபோகும்.

துண்டுகள்மீது அதை மெல்லிய போர்வையாக மட்டும் படியவிடுங்கள். கலந்தவுடனே பரிமாறிவிடுங்கள், வைத்திருந்தால் நீர் விட்டுவிடும்.